கிளச்சில் வைத்த இடது கால்

செவ்வாய், இரவு

எலும்பில் இருக்கிற தாதுவையே மேலே பூசிய கம்பி என்று சொல்லித்தான் டாக்டரம்மா என் இடது இடுப்பில் பொருத்தினார். மலைச்சாலையில் என் ஜீப்பின் பெயின்ட் உரிகிற மாதிரி அந்தப் பூச்சும் உரிந்துவிடும் என்று பயந்து, இடது காலை நான் அழுத்தி ஊன்றவே இல்லை. இன்று கள்ளக்குறிச்சியில் இந்தப் பயத்தைச் சொன்னதும், அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெயின்ட் இல்லீங்க அது. எலும்பு தன்னோடதுன்னு நெனச்சி கெட்டியா புடிச்சிக்கிச்சு. இனிமே வண்டி ஓட்டுங்க."

கச்சிராயபாளையம் தாண்டியதும் மச்சானிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவில் கிளச்சை முழுசாக மிதித்தேன். வலியே இல்லை! வெள்ளிமலை வரை நானேதான். எப்போதும் 'மெதுவா, மெதுவா' என்று கத்துகிற என் மனைவி பின்சீட்டிலிருந்து, "இன்னாய்யா இப்பிடி உருட்டிக்கினு போற? வெரசா போ!" என்றாள்.