மூன்றாவது வரிசை

மார்ச் 4

செடி டாக்டருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருந்தால் சரி. போனில் கேட்டால் ‘ம்’ என்பீர்கள், அதனால் எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷம், அதிலும் நாலு வருஷம் தனித்தனியாக இருந்த பிறகும் அந்த ‘ம்’ எனக்குப் பழகவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் வந்தீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, “நானும் இங்கயே வந்து இருந்துடட்டுமா?” என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது தக்காளி. மூன்றாவது வரிசையில் ஏழு செடி மதியம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தன. பறிக்க வரும் அக்கா சொன்னாள்: “சாப்பிட்டு வந்த ஆபீஸ்காரங்க மாதிரி தலையத் தொங்கப் போட்டுத் தூங்குதுங்கம்மா. அஞ்சு மணி ஆனா டாண்ணு எந்திரிச்சிருதுங்க.” சிரித்தேன். இரண்டு நாளாக நிமிரவில்லை. ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சள்.

இந்த நிலம்தான் எனக்குச் சோறு. என்ன செய்ய?

தோட்டக்காரி


மார்ச் 9

தோட்டக்காரிக்கு,

ம். கோபிக்காதே, மேலும் எழுதுகிறேன்.

தண்டைச் சாய்வாக வெட்டிப் பார். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து தண்ணீர்க் குழாய்களில் ஏறுகிறது. செடி சும்மா இருக்காது. வந்திருப்பது யார் என்று அடையாளம் கண்டதும் அந்தக் குழாயை மட்டும் அடைத்துவிடும். பூஞ்சை அங்கேயே சிறைப்படும். அடையாளம் காணத் தாமதமானால், பதறிப்போய் எல்லாக் குழாயையும் அடைக்கும். காலடியில் ஈரம் இருக்க, மேலே இலை தாகத்தில் வாடும்.

நம் பக்கத்து மண்ணில் இந்தப் பூஞ்சையில் இருப்பவை இரண்டு வகை. இரண்டையும் உன் தக்காளி ரகத்துக்கு அடையாளம் தெரியும். பிறகு எப்படி வாடுகிறது என்பதுதான் குழப்பம். தண்டும் மண்ணும் அனுப்பு. காகித உறையில். பிளாஸ்டிக்கில் வேர்த்து அழுகிவிடும்.

இங்கே அறையில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு. இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை.

டாக்டர் (செடிக்கு மட்டும்)


மார்ச் 15

செடி டாக்டருக்கு,

தண்டு மூன்று, மண் ஒரு பிடி. வெட்டிய எல்லாவற்றிலும் பழுப்புக் கோடு. ஏழு இப்போது முப்பத்தொன்று.

அந்த வரிசையில்தான் ஜனவரியில் வந்த அன்று நீங்கள் என்னோடு நின்று செடிகளுக்குக் கயிறு கட்டினீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அந்த மதியம் நன்றாக இருந்தது.

யோசித்துவிட்டேன். விண்ணப்பத்துக்குத் தேதி போடுங்கள்.

தோட்டக்காரி


ஏப்ரல் 2

தோட்டக்காரிக்கு,

சோதனை முடிவு தெரிந்து ஐந்து நாளாகிறது. எழுதத்தான் முடியவில்லை.

உன் செடியில் இருப்பது மூன்றாவது வகை. தன் அடையாளத்தை மாற்றிக்கொண்ட பூஞ்சை. உன் ரகத்துக்கு அதைத் தெரியாது. கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டது.

இந்தப் பக்கத்தில் அது இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. என் சோதனைப் பாத்தி. ஆராய்ச்சிக்காக நான்தான் அதை வளர்க்கிறேன். அங்கே போடும் பூட்ஸ் வேலியைத் தாண்டக் கூடாது. பலகையில் அப்படி எழுதி வைத்ததும் நான்தான். ஜனவரியில் உன்னிடம் வந்த அன்று காலை பாத்தியில் நின்றேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பூட்ஸை மாற்றாமல் ஓடி வந்து ஏறினேன். அதே பூட்ஸோடுதான் உன் மூன்றாவது வரிசையில் நின்றேன். உன்னைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மருந்து இல்லை. பல வருஷம் அந்த மண்ணில் தக்காளி வைக்க முடியாது.

“யாருக்குத் தெரியப்போவுது? ரிப்போர்ட்டக் கிழிச்சுப் போடுய்யா” என்றார் பக்கத்து மேசைக்காரர். கிழிக்கவில்லை. மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். பாத்தியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

தேதி போடட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. கேட்கிறேன்.

நான்


ஏப்ரல் 20

உங்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பக்கம், எதைப் பற்றியாவது, எழுதிக் கொடுத்திருந்தால் நான் தனியாக இங்கே வந்திருக்க மாட்டேன்.

எல்லாச் செடிகளையும் பிடுங்கி எரித்தாயிற்று. பறிக்க வரும் அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் வந்துபோன அந்த நாளிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஞ்சியிருக்கிறது, மண்ணில்.

ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. எல்லாம் தொட்டிச் செடி. பூஞ்சை எதுவும் இல்லாமலிருக்க மண்ணை வேகவைத்துத்தான் நிரப்புகிறார்கள். தங்க இடமும் தருகிறார்கள். திங்கட்கிழமை போகிறேன்.

இந்த வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். வாருங்கள், தேதி போடுங்கள். சாவி பக்கத்து மோட்டார் மெக்கானிக்கிடம் இருக்கும். நான் இருக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

உதிர்ந்த விதை நிறையக் கிடக்கிறது. மழை பெய்தால் தக்காளி தானாக முளைக்கும். பச்சையைப் பார்த்ததும் மனசு கேட்காது. ஆனாலும் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிடுங்கள். வேர் கிடைக்காமல் அந்தப் பூஞ்சை பட்டினியில் சாக எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தோட்டக்காரி