பே பண்ணாது

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.01.2024

என் அன்பு அஞ்சலோவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். லண்டன் குளிரில் உங்கள் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? ஃபோனில் கோல் எடுத்துக் கதைப்பதெல்லாம் காற்றோடு போய்விடும், கலியாணம் உண்மையானது என்று காட்ட விசா ஃபைலில் மனைவி கைப்பட எழுதிய கடிதமும் இருக்கவேண்டும் என்று உங்கள் லோயர் சொன்னாராமே. அந்த மனுசனுக்கு என் நன்றி. கலியாணம் முடித்த இந்த ஆறு வருசத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

விசாவுக்கான இங்கிலிஸ் சோதனைக்குச் சேர்ச் பங்கு மண்டபத்தில் வகுப்புத் தொடங்கிவிட்டது. கிண்ணியாவிலிருந்து லைலா ரீச்சர் வந்து படிப்பிக்கிறா. முதல் நாளே என் மானம் போனது. 'பே' என்ற சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டா. பாமசியில் மருந்துக்குக் காசு வாங்கிப் போடுகிறவளுக்கு அது தெரியாதா? ஆனால் என் காதில் 'பேய்' என்றுதான் விழுந்தது. எழும்பி நின்று 'கோஸ்ட்' என்று சொல்லிப்போட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தப் பேய்ச்சியையா லண்டனுக்குக் கூப்பிடப் போகிறேன் என்று நீங்களும் சிரிப்பீர்கள்.

வருகிற மாசியில் எனக்கு முப்பத்தெட்டு. பிள்ளை வேண்டுமென்றால் இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று டொக்டர் சொல்லுகிறா. இதையும் லோயர் வாசிப்பார் என்று நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வாசித்தால் வாசிக்கட்டும்.

உங்கள் அன்பு மனைவி,
ஞானமலர்


லண்டன்,
02.05.2024

அன்பின் மலர்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினையாதேயும். பேய்க் கதையை வேலைத்தலத்திலும் சொல்லிச் சிரித்தனான். கடிதத்தை ஃபைலில் வைத்திருக்கிறேன்.

மனைவியைக் கூப்பிடுகிறவர் காட்டவேண்டிய வருமானத்தை இங்கே கூட்டிவிட்டார்கள். இப்போது கேஸ் போட்டால் 'இற் வோன்ற் பே' என்று லோயர் சொல்லுகிறார். கொஞ்சம் பொறும். இந்த மாதம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன், குசினி நிலத்துக்கு மாபிள் கல் போடும்.

அன்புடன்,
அஞ்சலோ


திருகோணமலை.
20.07.2024

என் அன்பு அஞ்சலோவுக்கு,

நலம். மாபிள் போட்டாயிற்று. வெள்ளை நிறம், ஈரக்காலோடு நடந்தால் வழுக்குகிறது.

லோயர் சொன்ன வசனத்தை லைலா ரீச்சரிடம் கேட்டேன். பே என்றால் காசு கொடுப்பது மட்டும் இல்லையாம். கடை நன்றாக ஓடினால் 'இற் பேஸ்', நட்டத்தில் ஓடினால் 'இற் வோன்ற் பே'. கட்டுப்படியாகாது என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே மண்டைக்குள் ஓடியது. நான் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லையா, அஞ்சலோ?

இந்தச் சொல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இங்கிலிசுக்கு வந்ததாம். அதற்கும் முந்தி லத்தீனில் அதன் வேர் 'பாக்ஸ்', சமாதானம். பூசையில் சாமியார் சொல்லுகிற அதே சமாதானம். சமாதானத்துக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முதல் ரீச்சருக்குக் கிண்ணியா பஸ் வந்துவிட்டது.

இன்னொன்றும் படித்தேன். 'பே எ விசிற்' என்றால் ஒருவரை வந்து பார்த்துவிட்டுப் போவது. கலியாணத்துக்குப் பிறகு ஒரேயொரு தரம்தான் வந்தனீங்கள். மார்கழியில் நத்தாருக்கு, பாலன் பிறப்புக்கு ஒருக்கா வாங்கோ. காசு வேண்டாம், மாபிளும் வேண்டாம். உங்களைக் காணாமல் எனக்கு விசர் பிடிக்கிறது.

உங்கள் அன்பு மனைவி,
ஞானமலர்


லண்டன்,
29.09.2024

அன்பின் மலர்,

நத்தாருக்கு வர ஏலாது. சீசன் நேரம் லீவு தரமாட்டார்கள். விசா அலுவலையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவைப்போம். நீர் ஒன்றுக்கும் யோசியாதேயும். இனி மாதாமாதம் இரண்டு மடங்காக அனுப்புவேன். அறைக்கு ஏசி பூட்டும். உமக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன்.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதவேண்டாம். இங்கே கடிதங்கள் கைமாறிப் போகின்றன. வேலைத்தல விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, அதற்கு எழுதும்.

அஞ்சலோ


திருகோணமலை.
17.11.2024

அஞ்சலோவுக்கு,

போன கிழமை கொழும்புக்குப் போய்ச் சோதனை எடுத்தேன். ஏன் போனேன் என்று கேட்கவேண்டாம், எனக்கும் தெரியாது. உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அங்கிருந்த பெண் இங்கிலிசில் கேட்டா. பகிடிக்காரர், நல்லாக மீன்குழம்பு வைப்பார், என்னைக் கூப்பிட அவசரப்படுகிறார் என்று சொன்னேன். பிழையில்லாமல் கதைத்தேனாம், பாஸ் தந்துவிட்டார்கள். வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்தில் நின்று அழுதேன்.

நீங்கள் விலாசம் மாற்றியதன் கருத்தை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் என் கடிதத்தை உடைத்துப் பார்க்கிற ஒருத்தி இருக்கிறா. அவவோடு எனக்குக் கோபம் இல்லை. உங்களோடாவது கோபம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று பார்க்கிறேன், அதுவும் வரவில்லை. காலையில் எழும்பி முகம் கழுவுவதற்கே மனம் இல்லாமல் கிடக்கிறேன்.

சமாதானத்துக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று லைலா ரீச்சரிடம் கேட்டேன்.

"கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நிண்டு சத்தம் போடுவான், பிள்ளை. அவனை அமத்தி அனுப்பக் குடுக்கிறதுதான் அந்தக் காலத்துப் பே. ஆளைச் சமாதானப்படுத்திறது" என்று சொன்னா.

மற்றவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. குசினி மாபிளும் ஏசியும் என்னத்துக்கு வந்தவை என்று அப்போதுதான் விளங்கியது. நான் உங்கள் வாசலில் வந்து சத்தம் போட்டவள் இல்லையே, அஞ்சலோ. ஒரு பிள்ளை வேண்டும் என்றும் ஒருக்கா வாங்கோ என்றும்தான் கேட்டனான்.

இனிக் காசு அனுப்பவேண்டாம். பாமசிச் சம்பளம் நான் சீவிக்கக் காணும். நீங்கள் அனுப்பி நான் எடுத்தால், நான் அடங்கிவிட்டேன் என்று நினைப்பீர்கள். நான் அடங்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் அந்த ஃபைலில் வையுங்கோ. கலியாணம் உண்மையானதா என்று யாரும் கேட்டால், என்னுடைய ஒரு பக்கத்துக்காவது இது சான்றாக இருக்கும்.

ஞானமலர்