முருகன் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

இன்று காலை மிக்சி பழுது பார்க்க வந்தவர் சால்டரிங் பேஸ்ட்டைச் சுட்டதும், அந்தப் புகை என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் விட்டது. "நாத்தம் தாங்கலீங்களா, பாட்டி?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண் கலங்கியதற்கு வேறு காரணம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுபதுகளின் கடைசி. திருப்பூரில் நமக்கு அடுத்தடுத்த லைன் வீடு. நீ பனியன் கம்பெனியில் கைமடிக்கு, அதாவது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். என் வீட்டுக்காரருக்கு அனுப்பர்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. அவரைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் சால்டரிங் கைவந்திருந்தது. உன் ஆத்தாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பயந்த சுபாவம் வேறு. நீ கிளம்பியதும் உள்ளே தாழ் போட்டுவிடுவார். சாயங்காலம் நீ தட்டித் தட்டி வாசலிலேயே நிற்பாய். ஒருநாள் மழையில் அப்படி நனைந்து நின்றதை உடுமலையிலிருந்து வந்த உன் அண்ணன் பார்த்துவிட்டார். "இனி வேலைக்குப் போகாண்டாம். ஆத்தாளப் பாத்துட்டு ஊட்ல இரு" என்றார். அன்று நீ சாப்பிடவே இல்லை. அந்த வேலை உனக்கு உயிர்.

"காது கேக்காட்டி என்னுங்க்கா, கண்ணு நல்லாத் தெரியுதில்ல?" என்று நீதான் யோசனை சொன்னாய். வாசலில் சுவிட்சை அமுக்கினால் உள்ளே கதவோரம் எரியும்படி முதலில் டார்ச் பல்பு வைத்தோம். கதவு அடிக்கிற அடியில் இரண்டு தடவை இழை அறுந்தது. பிறகுதான் என் வீட்டுக்காரர் கோயமுத்தூரிலிருந்து இரண்டு எல்.இ.டி. வாங்கி வந்தார், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக. நீளக்கால் பேட்டரியின் ப்ளஸ் பக்கம், குட்டைக்கால் மைனஸ் பக்கம், வழியில் ஒரு நூறு ஓம் ரெசிஸ்டர் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "வெளிச்சத்தக் கொறைக்கறதுக்கு ஒரு குச்சியாக்கும்?" என்று நீ ரெசிஸ்டரை விட்டுவிட்டு இரண்டு பேட்டரிக் கட்டையில் நேராக வைத்தாய். பளிச்சென்று எரிந்து, செத்தே போயிற்று. உன்னை நான் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

மிச்சமிருந்த ஒன்றை ஒழுங்காகப் பற்றவைத்து, வாசல் நிலையில் பெல் சுவிட்ச் வைத்து, ஒயர் இழுத்தோம். ஆத்தா எந்நேரமும் பார்ப்பது முருகன் படத்தை. அதன் சட்டத்திலேயே விளக்கைப் பொருத்தினோம். எவ்வளவு புத்திசாலிகள் நாம்! ஆத்தாவுக்கு ஜாடையில் விளக்கினோம், தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்துப் பார்க்க உன் அண்ணன் வந்தார். "ஒருதரந்தான் அமுக்குவேன். ஆத்தா வந்து தொறக்கோணும். இல்லாட்டி வேலைய மறந்துரு."

அமுக்கினார். நாம் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். படத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. ஆத்தா பதறி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டார். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் செருப்பை மாட்டினார். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது தாழ் விலகியது. திருநீற்றுத் தட்டோடு வாசலில் நின்று ஆத்தா தெருவையே கூப்பிட்டார். "முருகன் வந்திருக்குதுங்க சாமி, எல்லாரும் வாங்க!" அண்ணன் நெற்றியில்தான் முதல் திருநீறு.

"தொறந்தாச்சுங்கல்லண்ணா?" என்றாய் நீ. அவரும் சிரித்துவிட்டார். உன் வேலை பிழைத்தது.

அதோடு விட்டுவிடு என்று நான் சொன்னேன். நீ கேட்டால்தானே! "பெத்தவகிட்டப் பொய் சொல்லிட்டு வேலைக்குப் போறதுங்களா?" என்று பேட்டரியைக் கழற்றிக் காட்டி, உண்மையை அன்றைக்கே புரியவைத்தாய். இரண்டு நாள் ஆத்தா நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விளக்கை அடுப்படிக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். ஆனால் அங்கே எரிந்தபோதும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வந்து கதவைத் திறந்தார். இப்போது எதற்கு என்று ஜாடையில் கேட்டாய்.

"வேலைக்குப் போன புள்ள பத்தரமா ஊடு வந்து சேந்திருக்குது. கும்புடாம இருக்க முடியுமா கண்ணு?" என்றார்.

நீ கண்ணை மூடி நாலு மாதமாகிறது. என் மருமகள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறாள். வாசலில் அவள் வண்டி நிற்கும் சத்தம் கேட்டதும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. கதவெல்லாம் அப்புறந்தான். "என்னுங்கத்தே இது?" என்று அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வந்துவிட்டாள் அல்லவா.