மருந்துக்கு அசையாத கிருமி

பீர்க்கன்கரணை,
1996 மார்கழி

என் பிரியமான விமலா அக்காவுக்கு,

நீ போனபின் வருகிற முதல் மார்கழி இது. ஏரிப் பக்கமிருந்து வரும் குளிர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைப்பது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.

தாம்பரம் ஸ்டேஷனில் இப்போது உன் இடத்தில் வேறொரு பெண் அறிவிப்புச் செய்கிறாள். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார வண்டி எந்த பிளாட்பாரம் என்று தெளிவாகவே சொல்கிறாள். நான்தான் ஸ்பீக்கருக்கு எட்டாத கடைசிப் பெட்டிப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

உனக்குத் தொண்டைதான் பிழைப்பு. கொஞ்சம் கரகரத்தாலே டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் காப்ஸ்யூல் வாங்கிவிடுவாய். "லீவு போட்டா யாருடி மைக்கைப் பிடிக்கிறது?" என்பாய். குரல் தேறியதும் மீதியை டப்பாவில் போட்டுவைப்பாய். வயிறு கெட்டால் அதிலிருந்து ஒன்று. வருஷக்கணக்கில் இப்படித்தான். எல்லா வீட்டிலும் இப்படித்தானே அக்கா?

போன கோடையில் சிறுநீர்க் கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தபோதும் அதையேதான் விழுங்கினாய். காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா உன் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்:

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கும்மா. பெரும்பாலும் நல்லதுதான். அடிக்கடி இந்த மருந்து சாப்பிட்டா அதெல்லாம் செத்துடும். மருந்துக்கு அசையாதது மட்டும் தங்கிப் பெருகும். அதுல ஒண்ணுதான் சிறுநீரகத்துக்குப் போய் ரத்தத்துல கலந்திருக்கு. எங்ககிட்ட இருக்கிற எதுக்கும் கட்டுப்பட மாட்டேங்குது."

நீ, "அப்ப நானேதான் தீனி போட்டு வளர்த்திருக்கேன், டாக்டர்" என்றாய். அவர் சிரிக்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை.

போன வாரம் எனக்கும் காய்ச்சல், தொண்டை வலி. மெடிக்கல் ஷாப்காரர், "அக்கா வாங்குறதையே குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். வாங்காமல் டாக்டரிடம் போய் அந்தக் காப்ஸ்யூலைப் பற்றிக் கேட்டேன். "வைரஸ் காய்ச்சல். அந்த காப்ஸ்யூல் இதுக்குக் கேக்காது. கஞ்சி குடிச்சுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார்.

வந்து படுத்தேன். மருந்து இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை அக்கா. நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லையே, அதுதான். நான் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் இப்படித் தனியாகக் கிடக்க வேண்டுமே என்று பயந்துதான் நீ லீவு போடாமல் அதை விழுங்கினாயா?

மத்தியானம் பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா எட்டிப்பார்த்தாள். அவளோடு நாம் பேசியதுகூட அதிகமில்லை.

"இன்னாக்கா, ஜொரம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பக்கத்துல நான் எதுக்குக் கீறேன்?"

ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் தானாகவே இறங்கியது.

வீட்டுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். இனி உடம்புக்கு முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க மாட்டேன். ஸ்டெல்லா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்தவள்,
உன் தங்கை சாந்தி