தூக்க வேண்டாம் என்ற மாமாவுக்கு

அன்பு மாறாத மாமா,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஆவடியில் நீங்கள், ஐயப்பன்தாங்கலில் நாங்கள். ஒரு போன் போட்டால் போதும், "கிளம்பி வாங்க மாப்ளே" என்பீர்கள். இப்போது போன் போட வழியில்லை, சொல்லவோ ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் குடைவரைக்குச் சாய்வுப் பாதை போட்டுவிட்டார்கள் மாமா.

பூந்தமல்லி தாண்டி மேற்கே போனால் வருமே, பாறையைக் குடைந்து செய்த அந்தப் பழைய மண்டபம்தான். ஆவடி தொழிற்சாலையில் ராணுவ டேங்க் ஓட்டிச் சோதிப்பது உங்கள் வேலை. "வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது, ஒரே பீஸ்ல செஞ்சு வச்சிருக்கான் பாருங்க" என்று அதன் படத்தைப் பார்த்தே மயங்கிப்போனவர் நீங்கள். உள்ளே போய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. வேலையில் இருந்தவரை ஓவர்டைம் விடவில்லை. ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து உங்களைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டது.

நாம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? உள்ளே சாமியும் இல்லை, பூசையும் இல்லை. ஆனாலும் நம் ஆட்களுக்குக் கல் மண்டபம் என்றாலே கோவில்தானே. செருப்பைக் கழற்றச் சொன்ன காவலாளி, நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்தார். "சார், வண்டியும் செருப்பு கணக்குதான். இங்கயே உட்டுடுங்க. பசங்க கீறாங்க, தூக்கிக்கினு போய் உள்ள உக்கார வச்சிடுவாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

நீங்கள் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை வாங்கி, இடக்கைப் பக்கத்துச் சக்கரத்தில் ஊற்றித் துண்டால் துடைத்தீர்கள். கை எட்டாத மறுபக்கத்தை என்னைத் துடைக்கச் சொன்னீர்கள். பிறகு, "அண்ணாத்தே, காலைக் கழுவிட்டேன். இப்ப போலாமா?" என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

பாறைப் படிகள்தான் வழிவிடவில்லை. சுற்றிப் பார்க்க வந்த இளைஞர்கள் ஓடி வந்து, "தூக்கிடலாம் பெரியவரே" என்றார்கள். "ஒரு நிமிஷம்தானே மாமா" என்று நானும் சேர்ந்துகொண்டேன். நீங்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். "என்னைத் தூக்குறது ஒரு தடவைதான் மாப்ளே. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

எந்த மேட்டிலும் டேங்கை ஏற்றிக் காட்டியவர், சில படிகளுக்குக் கீழே வேப்பமர நிழலில் நின்றுவிட்டீர்கள். நான் மட்டும் மேலே போய் செல்போனில் வீடியோ எடுத்து வந்தேன். முழுவதையும் பார்த்தீர்கள். "தட்டிப் பாத்தீங்களா? சத்தம் எப்படி வந்துச்சு?" என்றீர்கள். படம் எடுக்கிற மும்முரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அதைச் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன அந்த ஒரு தடவை அடுத்த மழைக்காலத்தில் வந்தது. பாடையின் முன்பக்கம் என் தோளில்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அப்போது உங்களால் முடியவில்லை.

போன வாரம் உங்கள் மகள்தான் என்னைக் கிளப்பிக் கூட்டிப் போனாள். இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை. பாறையில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, நாளைக்கே வேண்டாமென்றாலும் கழற்றிவிடலாம். இவ்வளவுதானா மாமா? இது ஏன் கொஞ்சம் முன்னால் யாருக்கும் தோன்றவில்லை? தூக்கிவிட ஆள் இருக்கும்போது பாதை எதற்கு என்று இருந்துவிட்டோமா?

செருப்பு விடும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருந்தன. சக்கர நாற்காலியில் தனியாக வந்த ஒரு பெண்ணிடம் அதே காவலாளி, "சக்கரத்தை மட்டும் தொடச்சிக்கம்மா, நேரா மேல போய்க்கினே இரு" என்றார். அவள் யார் கையும் படாமல் ஏறி உள்ளே போனாள். உங்கள் மகள் அங்கேயே அழுதுவிட்டாள்.

காவலாளிக்கு என் முகம் நினைவிருந்தது. "வாளி ஐடியா உங்க ஊட்டு பெரியவரு குடுத்ததுதான் சார். இன்னா, அவரு வர்லியா? இப்பதான் தூக்கவே வேணாமே!"

"தூக்கிட்டோம்ணே" என்றேன்.

படிகளை விட்டுவிட்டுச் சாய்வுப் பாதையிலேயே ஏறினேன். உள்ளே போய் உங்களுக்காகச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை மாமா. கை மட்டும் வலித்தது. அவ்வளவு கெட்டி, நீங்கள் சொன்ன மாதிரி ஒரே பீஸ்.

இதை நீங்கள் அல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

இனி எந்தப் பழைய இடத்து வாசலிலும் "தூக்கிடலாம்" என்ற சொல் என் வாயிலிருந்து வராது. பாதை எங்கே என்று கேட்பேன். போடுகிற வரைக்கும் கேட்பேன்.

ஒரே ஒரு தடவை உங்களைச் சுமந்த
உங்கள் மருமகன்