சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்

திரைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் என்னவருக்கு,

கேபிள் எட்டாத இந்த ஊருக்கு நீங்கள் அனுப்பிய சிம் போட்ட வைஃபை பெட்டி, கழிப்பறை ஜன்னலில் வைத்தால்தான் வேலை செய்கிறது. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் புருஷன் முகம் பார்க்கிறேன். வெளியே உங்கள் அம்மா, "கொஞ்சுனது போதும், வெளிய வாடி, அவசரம்!" என்று கதவைத் தட்டுகிறார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்றும், "எப்பங்க வருவீங்க?" என்று கேட்டேன். வழக்கம்போல, வாய் திறந்தபடி உங்கள் படம் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் உங்கள் தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சீ! ஆறு மாதமாகப் பாவம் அந்த டவரையல்லவா சபித்தேன்!

கடிதம் பாதியில் உறையாது. வரும் தேதியை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாளியிலிருந்து எழுந்துவிட்ட
உங்கள் மனைவி