இரண்டாம் பாகம்

1986, ஆவணி, சனிக்கிழமை இரவு. திண்டிவனம்.

ஓரகத்தி அஞ்சலை நூலகத்தில் ஒரு நாவலின் முதல் பாகத்தை எடுத்து வந்து, தினமும் குழாயடியில் கதை சொல்கிறாள். தண்ணீர் நின்ற பிறகும் பெண்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். கல்யாணமாகி வந்த அன்றே என் சாம்பாரைக் குறை சொன்னவள் அவள். நான் மறக்கவில்லை.

போன வாரம் இரண்டாம் பாகத்தை நான் எடுத்து வந்துவிட்டேன். வேண்டுமானால் விழுப்புரம் போய்த் தேடட்டும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு செல்வியோடு வந்து நின்றாள்.

"யக்கா, முதல் பாகம் முடிச்சிட்டேன். அடுத்தத குடுங்க."

"நான் படிச்சிக்கினு இருக்கேன்."

"முதல் பாகம் படிக்காமயா? யாரு எவருன்னு எப்பிடிக்கா தெரியும்? நான் வேணா சொல்லட்டா?" சிரிக்கிறாள்.

"எல்லாம் தெரியும், போடி."

"அப்போ நாளைக்கு முடிவ நீங்களே சொல்லிடுங்க பெரிம்மா" என்றாள் செல்வி. சரியென்று சொல்லிவிட்டேன்.

எழுத்துக்கூட்டிக் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். கமலா ஊரைவிட்டுப் போகிறாள். அவள் கதாநாயகனுக்குப் பெண்டாட்டியா, தங்கச்சியா, தெரியவில்லை. போனதற்கு அழுவதா, சந்தோஷப்படுவதா, அதுவும் தெரியவில்லை. அஞ்சலையைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். கேட்கமாட்டேன்.

கமலா செத்துப்போனாள் என்று சொல்லிவிடப் போகிறேன். செத்தவளைப் பற்றி யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.